பெய்ரூட் அம்மாவின் புறுபுறுப்பு

எங்கள் அலுவலகத்தில் மின்சாரம் தானாகப் போனதாகச் சரித்திரமே இல்லை. ஆள் வைத்துத்தான் போகவைக்க வேண்டும். சுவிஸில், ஓர்லிகோன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், நான்காம் மாடி. பயணச்சீட்டு விற்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிற சின்ன நிறுவனம். 'மின்சாரம் திடீரென்று நின்றால் இயந்திரம் என்ன செய்யும்' என்று அவ்வப்போது ஒரு சோதனை வரும். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். திடீரென்று நிற்கப்போவதற்கு முன்னறிவித்தல்! குறித்த நேரத்தில் ஒருவர் பிளக்கைப் பிடுங்குவார், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பிடுங்குகிற வேலை எப்போதும் என் எதிர் மேசைக்காரனுக்குத்தான். லெபனானில் பிறந்து வளர்ந்து, பெரிய ஆளாகி இங்கே வந்தவன். இந்த விஷயத்தில் தனக்குப் பிறந்ததிலிருந்து அனுபவம் என்று சொல்லிவிட்டு இழுப்பான்.

பகலில் அவனும் என்னைப்போல மென்பொருளில் பிழை தேடுகிறவன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கேலிச்சித்திரக்காரன். நாலு கட்டம், கறுப்பு மை, அரபியிலும் ஆங்கிலத்திலும் இரண்டொரு வரி. வரைந்து இணையத்தில் போடுவான். பெய்ரூட்டில் ஒரு அடுக்குமாடி வீடு. அதில் ஒரு அம்மா, கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கும் இளைய மகன், சோபாவுக்குக் கீழே ஒரு லொறி பற்றறி, ஒரு ரவுட்டர். பாத்திரங்கள் அவ்வளவுதான். அரசாங்க மின்சாரம் எப்போது வரும் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. மிச்ச நேரத்துக்குத் தெருமுனை ஜெனரேற்றர்காரனிடம் ஐந்து அம்பியர் வாங்கியிருப்பார்கள். அதில் ஃபிரிட்ஜும் ரவுட்டரும் ஓடும். அதற்கு மேல் அம்மா இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் முழு வீடும் இருட்டு. ஒரு படத்தில் மகன் இணையத்தில் கொரியாக்காரன் ஒருவனோடு விளையாடுகிறான். உலகத்தையே வெல்லப்போகிற கடைசிக் கணம். அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குச் சட்டை மினுக்க வேண்டும். நாலாவது கட்டம் முழுக்கக் கறுப்பு. கறுப்புக்குள்ளே ஒரு குரல் மட்டும் கேட்கிறது: அந்தக் கொரியாப் பிள்ளைக்குத் தாய் இல்லையோ?

எங்கள் சுவிஸ் சகாக்கள் இந்தப் படங்களுக்குச் சிரிப்பதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, இது உண்மையா என்று கேட்பார்கள். எங்கள் குழுத் தலைவி தங்கமான மனுசி. அவர் ஒருமுறை, கரண்ட் போய் அந்த அம்மா லிஃப்டுக்குள் அகப்பட்டுக்கொண்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அவனுக்கு வந்ததே கோபம்! பகிடி விடுகிறவனுக்கு அனுதாபம் காட்டுவதைவிட அவன் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகலாம். நான் மட்டும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு அது லெபனானாகத் தெரியவில்லை, எங்கள் வீட்டுக் கதையாகத் தெரிந்தது. அப்படித்தான் சிநேகிதர் ஆனோம்.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும். அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் காலமெல்லாம் வேலை செய்து இப்போது ஓய்வில் இருக்கிறார். ஓய்வு என்பது காலுக்கும் கைக்கும்தான். வாய்க்கு இல்லை. காலையில் நான் எழும்பும்போது தொடங்குகிற புறுபுறுப்பு, நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தும்வரை போகும். பின்னேரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெள்ளிக்கிழமைகளில் அந்த வாயை அடைப்பதற்காகத்தான் பெய்ரூட் படத்தைத் தொலைபேசியில் காட்டத் தொடங்கினேன். தமிழில் சொல்லிக் காட்டுவேன். அம்மா இலேசில் சிரிக்கிற ஆள் இல்லை. இதற்குச் சிரித்தார். ஆனால் எப்போதும் அந்தத் தாயின் பக்கம்தான். "மனுசி சொல்லுறதிலை என்ன பிழை? கசங்கின சட்டையோடை கலியாணத்துக்குப் போறதோ?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார், என்னவோ நான்தான் அந்தக் கொரியாக்காரனோடு விளையாடியதுபோல.

இருட்டுக் கட்டத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு மாமாவின் ஞாபகம் வரும். அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாதிருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர். வயர்த் துண்டு எங்கே கண்டாலும் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வாராம். இன்றைக்கு என்றால் அவரைக் கீக், தொழில்நுட்பப் பித்தர் என்று கொண்டாடியிருப்பார்கள். அந்த நாளில் வீட்டில் விசரன் என்றார்கள். பிறகு வன்னிக்குப் போனார், கலியாணம் கட்டினார். கடைசிச் சண்டைக்குள் குடும்பத்தோடு அகப்பட்டார். அதன்பின் அவர்களைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. இந்த இடம் வந்ததும் அம்மா கதையை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார். அம்மாவின் தேத்தண்ணியைத் தேத்தண்ணி என்று சொல்லக்கூடாது, பாயசம். தனக்கு நீரிழிவு என்று ஒரு மணி சீனியும் தொடாதவர், மற்றவர்களின் கோப்பையில் கரண்டி கரண்டியாகக் கொட்டுவார். சீனி கூடிப்போச்சு, சீனி கூடிப்போச்சு என்று கத்திக் கத்தி நான் களைத்துப்போனேன். எங்கள் வீட்டுக்கு வந்த சனத்தில் பல் கூசாமல் போனவர் யாரும் இல்லை.

பெய்ரூட்காரனுக்குச் சொந்தமாகப் பகிடி எழுத வராது. இது எனக்கு மட்டும் தெரிந்த உண்மை. எழுதுவதெல்லாம் அவனுடைய தாய். மத்தியானம் நாங்கள் சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டு இருக்கும்போது அழைப்பு வரும். தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு அவன் சாப்பிடுவான், அந்த அம்மா புறுபுறுப்பார். ஜெனரேற்றர்காரன், பாண் விலை, மேல்மாடிக்காரியின் டிஷ் அன்ரெனா, இளைய மகனின் தாடி, மூத்த மகன் சுவிஸில் வாங்கிய சப்பாத்து, ஒன்றும் தப்பாது. எனக்கு அரபி ஒரு சொல் தெரியாது. ஆனால் புறுபுறுப்பின் மெட்டுத் தெரியும். அவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல, என் காதுக்கு அது யாழ்ப்பாணத் தமிழிலேயே விழும். ஒருமுறை அவன் ஆசையாகக் கைமணிக்கூடு ஒன்று அனுப்பியிருந்தான், உடம்பைக் கவனிக்கிற வகை. அதற்கு வந்த நன்றி இது: "உன்ரை மணிக்கூடு என்னை எழும்பி நடக்கட்டாம். லிஃப்ட் இல்லாமல் ஏழு மாடி ஏறிவந்து இப்பத்தான் குந்தினனான். ஆருக்கு இது புத்தி சொல்லுது?" அந்தக் கிழமைப் படம் அதுதான். அவன் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அவனுடைய தம்பியின் கடை அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அந்தக் கடை ரவுட்டருக்கு நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறாயா' என்று இங்கிருந்து கேட்கிற மாதிரி அவன் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான். அங்கிருந்து பதில் வந்தால் அவனுடைய திரை மூலையில் பச்சைப் பொட்டு. வராவிட்டால் சிவப்பு. ஜெனரேற்றர் ஓடுகிறதா, அரசாங்கக் கரண்ட் வந்துவிட்டதா, தம்பி நேரத்துக்குக் கடை திறந்தானா என்றெல்லாம் அந்தப் பொட்டை வைத்துச் சொல்லுவான். பாவம் எங்கள் குழுத் தலைவி, அது நிறுவனத்தின் சேர்வர் என்று நினைத்து, சிவப்பைக் கண்டால் பதறுவார். நாங்களும் திருத்தவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் அவர்களின் பகுதிக்குக் கிட்டக் குண்டு விழத் தொடங்கியது. தாயை மலைப்பக்கம் போகச் சொல்லி அவன் கெஞ்சினான். மாட்டேன் என்றார். வீட்டை யார் பார்ப்பது, பூச்சாடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது. முதல் நாட்களில் புறுபுறுப்புக் குறையவே இல்லை, கூடத்தான் செய்தது. காயப்போட்ட உடுப்பெல்லாம் தூசு. தப்பி ஓடின பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் குருவிக் கூண்டை இவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தன்னைக் கேளாமல் தன் தலையில் கட்டிய குருவி, சத்தம் கேட்டால் தன்னைப் பார்த்துக் கத்துகிறது, என்னவோ தான்தான் குண்டு போட்டதுபோல. அவன் அதையும் வரைந்தான். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

பிறகு ஒரு மத்தியானம் அழைப்பு வந்த வேகத்தில் முடிந்தது. அவன் தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தான், கட்டாகிவிட்டதோ என்று. கட்டாகவில்லை. எல்லாம் நல்லமாம், என்றான். அடுத்த நாளும் எல்லாம் நல்லமாம். சாப்பிட்டாயா, நல்லாய்ச் சாப்பிடு, குளிருக்குப் போர்த்துக்கொள். அவன் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தான். தான் மாதக்கணக்காகச் சட்டை மினுக்கவில்லை என்றான். ஜெனரேற்றர்காரன் நல்ல மனுசன் என்றுகூடச் சொன்னான். வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு மணித்தியாலம் வாங்கிக் கட்டியிருப்பான். "சரி மகன், நீ சொன்னால் சரி" என்று பதில் வந்தது. அவனுக்கு ஒருவித நிம்மதி. அம்மாவுக்குப் பழகிவிட்டது, பயம் தெளிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னான்.

எனக்கு இது முன்பே கேட்ட பதில். புட்டை ஒதுக்கி வைத்தேன். வன்னியில் கடைசி மாதங்களில் மாமா எப்போதாவது எங்கிருந்தோ ஒரு தொலைபேசி பிடித்து எடுப்பார். நான் அப்போது தொழில் பழகுகிற வயது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மாவும் நானும் தலையோடு தலை முட்டிக் கேட்போம். "நாங்கள் சுகமாய் இருக்கிறம் அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." அவ்வளவுதான். அடுத்த முறையும் அதே. அந்த நாட்களில் நாங்கள் பேர்ணில் சுவிஸ் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பனிக்குள் பதாகை பிடித்து நின்றோம். சுகமாய் இருக்கிறம் என்று சொல்கிறவர்களுக்காக நின்றோம். சுகம் என்ற சொல்லில் எனக்கு அன்றையோடு நம்பிக்கை போய்விட்டது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?  புட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, பிழை தேடப் போனேன்.

வீட்டில் அம்மா வழக்கம்போல, அந்த மனுசி இன்றைக்கு என்ன சொன்னா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

"புறுபுறுக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒண்டுக்குமோ?"

"ஒண்டுக்கும் இல்லையாம். எல்லாம் நல்லமாம்."

அம்மா அடுப்பை நிறுத்தினார். அகப்பை கையில் இருந்தது. "கோதாரி," என்றார் மெதுவாக. "மனுசி பிள்ளைக்கு மறைக்குது."

அதற்கடுத்த நாட்களில் ஒன்றில் பொட்டுச் சிவந்தது. சிவப்பு அவனுக்குப் புதிதில்லை, பிளக்கைப் பிடுங்குகிறவன்தானே. பின்னேரம் வரைக்கும் ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை என்றான். மறுநாள் காலையில் நான் வரும்போது அவன் எனக்கு முன்பே வந்திருந்தான். சிவப்பு. தாயின் தொலைபேசி வேலை செய்யவில்லை, தம்பியின் தொலைபேசியும் இல்லை. அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம், இரண்டாவது விழவே இல்லை. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற இயந்திரத்தையும் இருந்த இடத்திலிருந்து தட்டி எழுப்பத் தெரிந்த இரண்டு பேர், ஒரு பொட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். சேர்வர் ஏன் இன்னும் சரிவரவில்லை என்று குழுத் தலைவி கேட்டபோது அவன் உண்மையைச் சொன்னான்.  அவர் அவன் மேசையில் சொக்லேட் வைத்தார், எவ்வளவு நாளும் லீவு எடுக்கலாம் என்றார். லீவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வது? விமானம் இல்லை. போனாலும் போகிற இடம் எது என்று தெரியாது. நான் மட்டும் என்ன திறம்? "ஒன்றும் ஆகியிருக்காது" என்று சொன்னேன். வன்னி நாட்களில் எங்களிடம் இதே வசனத்தைச் சொன்ன ஒவ்வொருவரையும் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது எனக்கு. அதே வசனம்தான் என் வாயிலும் வந்தது, வேறு ஒன்றும் அகப்படவில்லை.

அம்மாவுக்கு ஒவ்வொரு பின்னேரமும் ஒரே கேள்விதான். பச்சையோ, சிவப்போ? சிவப்பு என்றால் சாமித் தட்டுக்கு முன்னால் போய் நிற்பார். திரிம்பாக் என்ற ஊரில் இருக்கும் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த மனுசியின் பெயரில் அர்ச்சனை செய்யப் பார்த்தார். நட்சத்திரம் தெரியாது என்று ஐயரிடம் சொல்ல, ஐயர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அம்மா தன்னுடைய நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டார்.

அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், அம்மா எழும்பிப் பெரிய சட்டியை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு திரும்ப உள்ளே வைத்தார். சமைத்து அனுப்பக்கூடாது என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில், அடுப்பு எரியாத வீட்டுக்குத்தான் அயலவர்கள் சோறு கறி சமைத்துக்கொண்டு போவார்கள். அது செத்த வீடு. இன்னும் ஒன்றும் தெரியாத இடத்துக்கு அப்படிக் கட்டிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "பிள்ளையை இங்கை கூட்டிக்கொண்டு வா," என்றார். "எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிடட்டும்."

வந்தான். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. அம்மாவின் ஜெர்மன் சமையலறை ஜெர்மன், அவனுடையது பல்கலைக்கழக ஜெர்மன், இடையில் நான். தாயைப்பற்றி யாரும் கதைக்கவில்லை. தட்டில் மூன்றாம் முறை சோறு விழுந்தபோது, போதும் என்பதற்குக் 'காணும்' என்ற சொல்லை அவனுக்கு நான் பழக்கினேன். காணும், காணும் என்று அவன் கையால் மறைத்தான். அம்மா விரலுக்கு மேலாலேயே போட்டார். பிறகு தேத்தண்ணி. ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் காணும் என்றான்.

இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அம்மா தொடங்கினார். எங்கள் வீட்டு மின்குமிழ்கள் எல்லாம் சொன்னால் எரிகிறவை. என்னுடைய வேலை, ஒரு விடுமுறை முழுக்க இருந்து பூட்டியது. மேசை மூலையில் இருக்கிற ஸ்பீக்கருக்கு ஜெர்மனில், அம்மாவின் சொல்லில் டொச்சில், சொல்ல வேண்டும். அம்மா சொன்னார், எரியவில்லை. திரும்பச் சொன்னார். ஸ்பீக்கர் விளங்கவில்லை என்றது. "கேட்டியோ தம்பி," என்று அவன் பக்கம் திரும்பினார். "இந்த நாட்டிலை எத்தினை வருசம் வேலை செய்தனான், என்ரை டொச் விளங்கேல்லையெண்டு ஒரு சுவிஸ்காரன் சொல்லேல்லை. இந்தப் பல்ப்புக்கு விளங்கேல்லையாம். முந்தி ஒரு விரலாலை தட்ட எரிஞ்சது. இவன் படிச்ச படிப்பாலை நான் இப்ப இருட்டுக்கை இருந்து கெஞ்சுறன்."

நான் மொழிபெயர்த்தேன். அவன் சிரித்தான். அந்தக் கிழமைகளில் அவன் சிரித்தது அதுதான் முதல் தரம். சிரித்தவன் உடனே பேனை கேட்டான், என் பிரின்ரரில் இருந்து ஒரு தாளை இழுத்தான். அம்மா புறுபுறுக்கப் புறுபுறுக்க அவன் வரைந்தான். ஒவ்வொரு கட்டத்திலும் அவனுடைய தாய்தான் இருந்தார், அதே மூக்கு, அதே மேல்சட்டை. மூத்த மகன் அனுப்பிய பல்ப்பிடம் அரபியில் கெஞ்சுகிறார். பல்ப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். கடைசிக் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் 'தயவுசெய்து' என்கிறார். முழு வீடும் பளீரென்று எரிகிறது, அம்மா கண்ணைப் பொத்திக்கொள்கிறார். தாய்க்கு என்ன நடந்தது என்று தெரியாத நேரத்தில் இதைப் போடலாமா என்று அவன் என்னைக் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். இதையும் போடாவிட்டால் என் அம்மாவின் வாயை நானே நிறுத்தியதாகிவிடும் என்றான். வெள்ளிக்கிழமை போட்டான்.

படத்துக்கு அடியில் சுவிஸ்காரர்கள் இதயம் போட்டார்கள். தமிழ் ஆட்களும் நாலைந்து பேர் சிரித்திருந்தார்கள். பெய்ரூட்டில் இருந்து யாரும் எழுதவில்லை. பொட்டுச் சிவப்பு.

அடுத்த கிழமை, ஒன்பது மணித் தேநீர் நேரத்தில் அவனுடைய தொலைபேசி நடுங்கியது. தெரியாத எண். ஒரு குரல் செய்தி, நீளமானது. அவன் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான். நானும் தொடவில்லை. கடைசியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினான்.

தாயின் குரல். எனக்குச் சொல் விளங்கவில்லை, மெட்டு விளங்கியது. தொடக்கத்தில் வணக்கமும் இல்லை வாழ்த்தும் இல்லை, நேரே சண்டைதான். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான், தோள் குலுங்கியது, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. மற்றவர்கள் தேநீரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். திரும்பப் போட்டு, எனக்கு வரி வரியாகச் சொன்னான்.

"உந்தப் பல்ப் கதையை ஆர் சொன்னது? நான் சொல்லேல்லை. என்ரை வீட்டிலை எப்ப இருந்து கரண்ட் இருக்கு? இதைச் சொன்ன பொம்பிளை ஆரோ, அவவின்ரை வீட்டிலை நாள் முழுக்கக் கரண்ட் இருக்கு. கரண்ட் இருக்கிறவளுக்குத்தான் பல்ப் சொல்லுக் கேக்கேல்லையெண்டு கோவம் வரும். ஆற்றை தாயின்ரை வாயைக் கொண்டுவந்து எனக்கு வைச்சனீ?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கரண்ட் இல்லாததை வைத்தே காலம் முழுக்கப் படம் போட்டவன், கரண்ட் இல்லை என்பதை மறந்துபோனான். கரண்ட் இல்லாத ஊரில் பிறந்த நானும் கவனிக்கவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்துப் பளீர் வெளிச்சம் முழுக்கச் சுவிஸ் வெளிச்சம்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. மலையில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இருக்கிறார்களாம். இரண்டு பேரும் தொலைபேசிகளை விட்டுவிட்டு ஓடினார்களாம், தாய் ஊர்க்காரி ஒருத்தியின் தொலைபேசியில்தான் படத்தைப் பார்த்தாராம். நிலம் குளிர். கரும்பலகைக்குக் கீழே படுக்கிற கிழவர் விடிய விடியக் குறட்டை. குருவியைக் கொண்டுவந்ததற்குச் சனம் முறைக்கிறது. "உன்ரை தம்பி வீட்டிலை இருந்து எதைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் தெரியுமோ? ரவுட்டரை. என்ரை மருந்துப் பையை விட்டிட்டு ரவுட்டரை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு ஓடினவன். இங்கை வந்து செருகுறதுக்கு ஓட்டை தேடுறான்." கடைசியில் குரல் இறங்கியது. கடை இல்லையாம். வீட்டைப்பற்றி இப்போது கேட்கக் கூடாதாம்.

அவன் திரை மூலையில் பொட்டு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அது இனிப் பச்சையாகாது என்று எங்களுக்குத் தெரியும். நிறுத்திவிடவா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றான்.

சனிக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், குரலை அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று. அம்மா காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்பே "இப்ப புறுபுறுக்கிறா" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். யாருடைய தாயின் வாய் என்ற இடத்தை நான் தமிழில் சொன்னதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கெட்டிக்காரி, கண்டுபிடிச்சிட்டா, என்றார். மருந்துப் பைக்கு இப்போது என்ன செய்கிறார்களாம் என்று கேட்டார். அவனுக்கும் தெரியாது. யாரும் அங்கே போக முடியாது, அனுப்பவும் முடியாது. 

அம்மா எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம், "என்ரை தம்பியைக் கீற ஏலுமோ எண்டு கேள்," என்றார்.

நான் சொன்னேன். அவன் தாளை எடுத்தான். சாமித் தட்டில் இருந்த சின்னப் படத்தை அம்மா கொண்டுவந்து வைத்தார், காது இதைவிடப் பெரிது என்றார். தலைகீழாக நிற்கிற சைக்கிள், மிதியைச் சுற்றுகிற கை, தோளில் ரேடியோ, பையில் வயர்த் துண்டுகள். அவன் கீறக் கீற அம்மா திருத்திக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பழக்கத்தில் தலைக்கு மேலே பேச்சு வட்டம் ஒன்றைப் போட்டான். போட்டுவிட்டுப் பேனையை வட்டத்துக்குள் வைத்தபடி, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

அம்மா வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். 

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றார் பிறகு. "அப்பிடி எழுது. எவ்வளவு போட்டாலும் அதுதான் சொல்லுவான். சீனி காணாது அக்கா, சீனி காணாது அக்கா எண்டு உயிரை எடுப்பான்."

நான் இன்னொரு தாளில் தமிழில் எழுதிக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவன், ஒவ்வொன்றையும் படம்போலப் பார்த்து வட்டத்துக்குள் கீறினான். என் கோப்பை முன்னால் இருந்தது. சீனி கூடிப்போச்சு என்று கத்தாமல் எடுத்துக் குடித்தேன்.

அம்மா தாளைக் கையில் எடுத்து எட்டத்தில் பிடித்து வாசித்தார். "வன்னியிலை சீனியைக் கண்ணாலை காணாத நாளிலையும் போன் எடுத்தவன்," என்றார். "அப்ப மட்டும் அதைச் சொல்லேல்லை."